மறுநாள் விருந்துக்கு யாரை அழைக்கிறோம்?

சென்ற தை மாதத்தில் நம் தமக்கை மகளின் திருமணம் நடந்தது. பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மதுரைக்குத் தெற்கே உள்ள சிற்றூர்க்காரர்கள். இரு வீட்டிலும் அடுப்பில் கறி கொதிக்காத ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையே அன்று. காலையில் முகூர்த்தம் முடிந்தது. மாலையில் நகரத்து மண்டபம் ஒன்றில் வரவேற்பு. தொடர்ந்து இரவு விருந்து. இலையில் இருபத்துமூன்று வகை வைத்தார்கள் (எண்ணினோம், அப்போது வேறு வேலை இல்லை). பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், காளான் பிரியாணி, மீல்மேக்கர் சுக்கா என்று வரிசை நீண்டது. நம் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியப்பாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் அந்தச் சுக்காவில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். எதிரே வணங்கி நின்ற பெண்ணின் தந்தையிடம், "ஏன் மாப்ள, காதுகுத்துக்கு மூணு கெடா வெட்டுனீங்கள்ல? கல்யாணத்துக்கு என்ன, விரதமா?" என்றார். மாப்பிள்ளை குனிந்து, "மாமா, நாளைக்குத் தோப்புல கறி இருக்கு. சத்தம் போடாதீங்க" என்றார்.

"சத்தம் போடாதீங்க" என்ற அந்தச் சொல்லைப் பற்றியே இக்கட்டுரை. கறி சமைப்பது குற்றமன்று, உண்பது குற்றமன்று, மூன்று கிடாய்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பின் எதற்காக அதைக் காதோடு காதாகச் சொல்லவேண்டும்?

வரவேற்புக்கு வந்தவர்கள் ஏறத்தாழத் தொள்ளாயிரம் பேர். மறுநாள் தோப்பில் அமர்ந்தவர்கள் நூற்றைம்பது பேர். இந்த இரு எண்களுக்கும் இடையில் விடுபட்டவர்கள் யார்? நம்மோடு பணியாற்றும் ஆசிரியர்கள், மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள், தொலைவிலிருந்து வந்து இரவே பேருந்து ஏறியவர்கள். இவர்களை விடுங்கள். தமக்கை வீட்டு வயலில் மூன்று தலைமுறையாக நாற்று நட்டும் அறுத்தும் வரும் குடும்பமொன்று உண்டு. சேரியிலிருந்து நடந்து வந்து, சரக்கு வண்டியில் நின்றுகொண்டே நகரத்துக்குப் பயணம் செய்து, வரிசையில் நின்று ஐந்நூறு ரூபாய் மொய் எழுதிவிட்டு, காளான் பிரியாணி தின்று திரும்பினார்கள். அவர்களும் கறி உண்பவர்களே. தோப்புக்கு அவர்களை எவரும் அழைக்கவில்லை. "அது சொந்தபந்தத்துக்கு மட்டும்" என்று விளக்கம் சொன்னார்கள்.

சைவப் பந்தி பொதுப்பந்தி என்பார்கள். பொதுப்பந்தி என்ற பெயரில் நாம் செய்வது வேறு. ஊரார் உண்பதற்கு ஒன்று, சாதியார் உண்பதற்கு ஒன்று என விருந்தை இரண்டாகப் பிளக்கிறோம். வாய்க்கு ருசியானது எதுவோ அதை இரண்டாம் நாளுக்கு ஒதுக்கி, அந்த நாளுக்கு வேலி போடுகிறோம். முதல்நாள் விருந்து முன்கூடம். மறுநாள் விருந்து உள்ளறை. நாகரிகத்துக்காகச் செய்கிறோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்று, சாதியின் சமையலறைக் கதவைத் தாழிடுவதற்கும் வசதியாகப் பயன்படுகிறது.

இந்த நாகரிகம் என்ற சொல்லுக்கு வருவோம். உணவகப் பெயர்ப்பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். "உயர்தர சைவ உணவகம்" என்றே எழுதுவார்கள். உயர்தரம் சைவத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல் நிற்கும். சைவம் என்பதோ ஒரு சமயத்தின் பெயர். அதைக் காய்கறி உணவுக்கு வைத்தோம். அதன் எதிர்மறையாய் அசைவம் என்றொரு சொல்லை ஆக்கினோம். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 97க்கும் மேற்பட்டோர் புலால் உண்பவர்கள். இத்தனை பேரின் உணவுக்கு "அது அல்லாதது" என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், இறைவனுக்கு ஊனைச் சுவைபார்த்துப் படைத்த கண்ணப்பர் அறுபத்துமூவருள் ஒருவர். அவர் படைத்தது அசைவமா, சைவமா என்று நம் மண்டப மேலாளர்களைக் கேட்டுப் பார்க்க ஆசை.

"திருமணம் மங்கல நிகழ்ச்சி, அதில் புலால் கூடாது என்பது தமிழர் தொன்மரபு" என்று சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்களுள் தமிழ் படித்தவர்களும் இருப்பதுதான் துயரம். அகநானூற்றில் திருமணத்தை விரித்துச் சொல்லும் பாடல்கள் இரண்டு, 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும். நல்லாவூர் கிழார் பாடிய முன்னதில் உழுந்தைக் கூட்டிச் செய்த குழைந்த களி மணவீட்டு உணவாக வருகிறது. விற்றூற்று மூதெயினனார் பாடிய பின்னதில் நெய் ஒழுகும் வெண்சோறு வருகிறது. அதனோடு வெந்தது இறைச்சி என்று உரை கண்டிருக்கிறார்கள். அங்கே வந்தவர்க்கெல்லாம் அளவின்றி அது பரிமாறப்படுகிறது. ஒரே தொகைநூலில், ஒரே மருதத்திணையில், இரண்டு திருமணங்கள், இரண்டு அடுப்புகள். இரண்டில் ஒன்றை மட்டும் மரபு என்று எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பவர் மரபைப் போற்றுபவர் அல்லர். அதில் பாதியைக் கிழித்தெறிபவர்.

பெரும்பாணாற்றுப்படையை முதுகலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்குப் பசியெடுக்கும். மாணவர்கள் சிரிப்பார்கள். தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன் வழியில் எத்தனை வாயில்களில் உண்கிறான்! எயினர் குடியிருப்பில் உடும்பின் பொரியல். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்சோற்றோடு வீட்டில் வளர்ந்த கோழி. வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் உறைவிடத்தில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வேகவைத்த கறியும் மாங்காய் ஊறுகாயும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதில் எதையும் உயர்தரம் என்றோ தாழ்தரம் என்றோ குறிக்கவில்லை. கொடுப்பவர் தம்மிடம் உள்ளதில் நல்லதைக் கொடுக்கிறார். உண்பவன் முகம் சுளிக்காமல் உண்கிறான். விருந்து என்பதன் இலக்கணம் அவ்வளவே. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் நாள்தோறும் ஊனை மென்று பல்முனை தேய்ந்துபோன பொருநனை இங்கே இழுத்துவரமாட்டோம். அவன் பெரியப்பாவின் கட்சி.

உடனே வள்ளுவரைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். அது துறவறவியலில் நிற்கிறது. விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் நிற்கிறது. மணமக்கள் அன்று புகுவது இல்லறத்துக்குள் என்றே நாம் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறோம். கொல்லாமையைத் தம் வாழ்வில் நெறியாகக் கொண்டவர்களை நாம் மெய்யாகவே மதிக்கிறோம். அந்நெறி அவர்களுடைய உறுதியால் உயர்ந்தது. ஞாயிறுதோறும் எலும்பை உறிஞ்சிவிட்டு, திருமணப் பத்திரிகை அடித்தவுடன் மட்டும் வள்ளலாராகிவிடும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த உயர்வில் பங்கில்லை.

சீர்திருத்தத் திருமணக்காரர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், புரோகிதர் இல்லாமல் நடக்கும் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கிற்று. புரோகிதர் போனார், தீ போனது, சில வீடுகளில் தாலியும் போனது. நாம் சென்று உண்ட அத்தகைய திருமணங்களில் பெரும்பாலானவற்றில் இலை மட்டும் மாறவில்லை. மேடையில் பகுத்தறிவு, பந்தியில் பன்னீர்.

இவ்வளவு எழுதியதால் நம்மைக் கறிக்கட்சி என்று முத்திரை குத்த வேண்டா. மறுபக்கத்துக் கொடுமையையும் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் துறைப் பேராசிரியர் ஒருவரோடு ஒரு பிரியாணித் திருமணத்துக்குப் போனோம். அவர் பிறப்பால் மட்டுமன்று, மனத்தாலும் புலால் மறுத்தவர், முட்டையும் தொடார். வாசலில் நின்றவர், "சைவமா சார்? மாடிக்குப் போங்க" என்றார். மாடியில் கைகழுவும் தொட்டிக்கு அருகே ஒரு மேசை. அதன்மேல் ஆறிப்போன தயிர்ச்சோறு, ஓர் ஊறுகாய்ப் பொட்டலம், அரை வாழைப்பழம். பரிமாற ஆளில்லை. நாமும் மாடியேறி அவரோடு அதையே உண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில் மட்டும், "வந்ததற்குக் காப்பியாவது குடிப்போமா?" என்று கேட்டார். வந்த விருந்தினரைப் பட்டினி போடுவதில் சைவமும் அசைவமும் ஒன்றையொன்று விஞ்சிக்கொண்டிருக்கின்றன.

தனிமாடி, தனிமேசை என்னும்போது நமக்குச் சேரன்மாதேவி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவளித்தார்கள் என்பதற்காகத் தமிழ்நாட்டுக் காங்கிரசே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைச் சோற்றுச் சண்டையாகக் கருதவில்லை. யாரோடு யார் அமர்வது என்பதே அங்கு வழக்கு. ஆகவே நாம் கேட்பது இரண்டு உணவு. இரண்டு பந்தி அன்று. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில், "சரி, இரண்டும் வைத்துவிடுவோம்" என்று இறங்கிவருபவர்கள் அடுத்த மூச்சில், "அசைவத்தைப் பின்பக்கம் வைத்துவிடுவோம்" என்பார்கள்.

இதைச் செய்யமுடியும் என்பதை நமக்குக் காட்டியது திண்டுக்கல்லில் நம் பழைய மாணவர் ஒருவரின் நிக்காஹ் விருந்து. முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் சைவ நண்பர்களுக்கென்று தனியே ஒரு சமையற்காரரை அமர்த்தி, தனிப் பாத்திரத்தில் சமைக்கச் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. "தனி அடுப்பு, தனிக் கரண்டி, நம்பிச் சாப்பிடுங்கள்" என்று வீட்டுப் பெரியவரே வந்து சொல்வார். அன்றும் சொன்னார். அதைவிட நமக்குப் பிடித்தது அமர்வு முறை. ஒரே கூடம். உட்காரும்போது கேட்டு, சைவம் உண்பவர் இலையின் மேல்மூலையில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டை வைத்தார்கள். பச்சைத் துண்டு போட்டவர்கள் மஞ்சள் காகிதம் உள்ள இலைக்கு மட்டும் பரிமாறினார்கள். மற்றவர்கள் அந்த இலைப்பக்கம் வாளியைக்கூடக் கொண்டுபோகவில்லை. நம் பேராசிரியர் அங்கும் வந்திருந்தார். கணவர் பிரியாணியும் மனைவி சாம்பாருமாக அருகருகே அமர்ந்து உண்ட இணைகளும் இருந்தன. பக்கத்து இலையில் இறைச்சியைப் பார்ப்பதே ஒவ்வாது என்பவர்களுக்கு அதே கூடத்தில் ஒரு வரிசை இருந்தது. வேண்டியவர் அங்கே போனார், எவரையும் அனுப்பவில்லை.

இனி, இலையில் என்ன வைப்பது? இதில் நமக்கு உறுதியான கருத்துகள் உண்டு. இருபத்துமூன்று வகை வேண்டா. இரு சாராருக்கும் பொதுவாகக் கூடியவரை அதிகமும், தனித்தனியே குறைவாகவும் வைக்கவேண்டும். சீரகச்சம்பாவில் நெய்ச்சோறு பொதுவாகட்டும். எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி, ரசம், தயிர், பாயசம் எல்லாம் பொது. இவை சைவ அடுப்பில் மட்டுமே வேகவேண்டும். அப்போதுதான் பொது என்ற சொல் பொய்யாகாது. நெய்ச்சோற்றோடு சேர ஒரு பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பும் கோழி வறுவலும் போதும். பெரியப்பா பிரியாணிதான் வேண்டும் என்றால் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பது மாஸ்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கறியைக் குறைத்துவிட்டு ஆட்டுப் பிரியாணி என்று பெயர் வைப்பதைக் காட்டிலும் குழம்பே மேல். இரவு விருந்தில் மீன் வேண்டா. முள்ளை எடுத்துக்கொண்டு பட்டுப்புடவையோடு போராடும் பெண்களின் பேரில் இரக்கம் கொள்க.

மறுபக்கம் சைவ இலைக்கு வருவது எதன் போலியாகவும் இருக்கக்கூடாது. மீல்மேக்கர் சுக்காவும் காளான் நல்லி வறுவலும் சைவர்களுக்காகச் செய்யப்படுபவை அல்ல. கறியை எண்ணி ஏங்கும் நமக்காக நாமே செய்துகொள்ளும் ஏமாற்று அது. பிறவிச் சைவர் ஒருவரைக் கேட்டுப்பாருங்கள், அந்த நாராந்துணியை அவர் விரும்பி உண்பாரா என்று. அவருக்கு வாழைப்பூ வடை வையுங்கள்; சேனைக்கிழங்கு வறுவல் வையுங்கள்; தை, மாசியில் பச்சை மொச்சைக் குழம்பைப்போல் ஒன்று எந்தக் கறியடுப்பிலும் கிடையாது. கறிக்குழம்புக்கு எவ்வளவு கருத்தோ, எவ்வளவு காசோ, அவ்வளவு மொச்சைக்கும் செல்லவேண்டும்.

தால்சாவில் கவனம் வேண்டும். அது பார்வைக்குச் சாம்பார், உள்ளே எலும்பு. பரிமாறும் சிறுவனுக்கு வேறுபாடு தெரியாது. இரு பந்தியும் கலந்திருக்கும் இடத்தில் தால்சாவை விட்டுவிடுவதே நல்லது. அல்லது எலும்பில்லாமல் பருப்பும் காயுமாகச் செய்து பொதுவில் சேர்த்துவிடலாம். இறைச்சியை ஹலால் கடையிலிருந்து வாங்கினால் முஸ்லிம் நண்பர்களும் அந்த இலையில் கைவைக்க முடியும். இந்து வீட்டுத் திருமணங்களில் அவர்கள் ஆண்டாண்டுகளாகப் பொரியலோடு எழுந்துபோகிறார்கள். அதை நாம் கவனித்ததேயில்லை. (ஆடு நுழையும் இடத்தில் மாடு நுழையாதது ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நம்மிடம் உள்ள விடை கோழைத்தனம் என்பதே.)

எத்தனை பேருக்கு எது என்று கணக்கிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. 97 விழுக்காடு என்ற எண்ணை வைத்துக்கொண்டு சமைத்தால் சைவ இலைகள் தட்டுப்படும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் கறி உண்பவர்களில் பலர் அன்று தொடமாட்டார்கள். கார்த்திகைத் திருமணம் என்றால் சபரிமலைக்கு மாலையணிந்தவர்கள் வருவார்கள். சர்க்கரை, கொழுப்பு என்று மருத்துவர் தடுத்தவர்கள் எல்லா மாதத்திலும் வருவார்கள். நாள் பார்க்கும்போதே இதையும் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கில் ஒரு பங்கும், வெள்ளி என்றால் சரிபாதியும் சைவம் என்பது நம் அனுபவக் கணக்கு. சைவம் மிஞ்சினால் பழுதில்லை, யாரும் உண்ணலாம். கறி மிஞ்சினால்தான் இடர்.

செலவைச் சொல்லி மறுப்பவர்களிடம் நாம் வாதிடுவதில்லை. இருபத்துமூன்று வகையில் எத்தனை வகை இலையோடு சுருட்டி எறியப்பட்டன என்று மட்டும் கேட்போம். நம் தமக்கை வீட்டில் இரு நாளும் சேர்த்துச் செலவழித்த பணத்தில் தொள்ளாயிரம் பேருக்கும் ஓரிரவில் கறிவிருந்து போட்டிருக்கலாம் என்று தமக்கையே பின்னர் கணக்குப் போட்டுச் சொன்னார். "அப்ப மண்டபம் குடுக்க மாட்டேன்னுட்டாங்களே" என்பது அவர் முடிவுரை.

உண்மையில் பெரிய தடை அதுதான். வரும் ஆவணியில் நம் அண்ணன் மகனுக்குத் திருமணம். இம்முறை ஒரே இரவு, ஒரே கூடம், இரண்டு உணவு என்று அண்ணனைச் சம்மதிக்கவைத்துவிட்டோம். மூன்று வாரம் பேசவேண்டியிருந்தது. பின் மண்டபம் தேடிப் போனோம். பார்த்தவை பதினொன்று. ஒன்பதில் அசைவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாட்குறிப்பேட்டை மூடினார்கள். அவற்றுள் ஆறின் உரிமையாளர்கள் கறி உண்பவர்கள் என்பது ஊரறிந்தது. பத்தாவது மண்டபத்தில், "வெளியில் சமைத்து, மூடி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தால் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறோம்" என்றார்கள். பதினோராவதில் அனுமதி கிடைத்தது. அசைவத்துக்கென்று தனிக்கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், தகரக்கூரையோடு.

அண்ணி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரிய மாமாவ இங்கயா கொண்டாந்து உக்கார வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஊருக்கே திரும்பிவந்து, அறுவடை முடிந்த வயலில் பந்தல் போடுவதென்று முடிவாயிற்று. அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்குத்தான் முதல் பத்திரிகை என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆவணியில் மழை வரக்கூடும் என்று பந்தல்காரர் எச்சரித்தார். கூரைத் தகரத்துக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்திருக்கிறோம்.